தணிக்கையில் தப்பிய குழந்தை

இயக்குநர் குவோன் மான்சிக்கின் முதல் படத்திலிருந்து வெட்டி எறியப்பட்ட பெண், வெட்டப்பட்ட அன்று மத்தியானமே, கையில் உடைந்த கூரை ஓடு ஒன்றைப் பிடித்துக்கொண்டு, சியோல் நகரத்தின் ஓரத்தில் இருந்த நிலா மேட்டின் படிக்கட்டுகளில் மூச்சு வாங்க ஏறி வந்து அவர் வீட்டுக் கதவைத் தட்டினாள். அரிசி களைந்துகொண்டிருந்த ஈரக்கையோடு கதவைத் திறந்த மான்சிக்கின் மனைவி சுன்ரே, வந்தவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"யாரும்மா வேணும்?"

"என் வீட்ட இடிக்க வந்திருக்காங்க. நான் கூரையை விட்டு எறங்க மாட்டேன்."

"இங்க யாரும் எதையும் இடிக்கலியே. சாப்பிட்டியா?"

அப்படி ஒரு கேள்விக்கு அவளுக்கு யாரும் வசனம் எழுதியிருக்கவில்லை. சுன்ரே அவளை உள்ளே அழைத்து உட்காரவைத்துச் சோறு போட்டாள். தணிக்கை அலுவலகத்திலிருந்து தொங்கிய முகத்தோடு திரும்பிய மான்சிக், செருப்பைக் கழற்ற மறந்து வாசலிலேயே நின்றார்.

"போக்சில்," என்றார், அது அவர் அவளுக்கு வைத்திருந்த பெயர். குடிசைகளை இடிக்க ஆட்கள் வரும்போது கூரைமேல் ஏறி நின்றுகொண்டு இறங்க மறுக்கிற பெண் அவள் என்றும், இதெல்லாம் நாட்டை இருட்டாகக் காட்டுகிறது என்று சொல்லி அவள் வரும் காட்சி முழுவதையும் காலையில்தான் வெட்டினார்கள் என்றும், அவளாக நடித்த நடிகை இந்நேரம் பூசானில் வேறொரு படப்பிடிப்பில் இருக்கிறாள் என்றும் அவர் மனைவியிடம் சொல்லி முடித்தார். சுன்ரே எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப இவ எங்க படுப்பா?" என்று மட்டும் கேட்டாள்.

அந்த மேட்டுக்கு நிலா மேடு என்று பெயர் வந்ததே, கீழே எங்கும் இடம் கிடைக்காதவர்கள் மேலே மேலே ஏறி, இதற்கு மேல் ஏறினால் நிலாதான் என்கிற இடத்தில் தகரமும் தார் அட்டையும் வைத்து வீடு கட்டிக்கொண்டதால்தான். பாதிப் பேர் போரின்போது வடக்கிலிருந்து ஓடி வந்தவர்கள், மீதிப் பேர் ஊரில் நிலத்தை இழந்து வந்தவர்கள், யாரும் யாரிடமும் எங்கிருந்து வருகிறாய் என்று துருவிக் கேட்பதில்லை. கரிக்கட்டிக் கடை வைத்திருந்த மால்சூன் மட்டும் புதியவளின் கையைத் தொட்டுப் பார்த்து, சூடாகத்தான் இருக்கிறது என்று உறுதி செய்துகொண்டு, "வடக்கேருந்து வந்தவங்களுக்கு எடம் இருந்துச்சு, படத்துலேருந்து வந்தவளுக்கு இல்லாமலா போயிடும்?" என்றாள். அத்தோடு பேச்சு முடிந்தது. போக்சிலுக்குத் தரையில் இருப்புக் கொள்ளவில்லை, எந்நேரமும் யார் வீட்டுக் கூரையிலாவது ஏறி நின்றாள், ஏறி நின்றவள் சும்மா இருக்காமல் பொத்தல்களை அடைக்கப் பழகினாள், அந்த வருட மழையில் நிலா மேட்டில் முதல்முறையாக ஒரு வீடும் ஒழுகவில்லை. அவள் கற்றுக்கொண்ட முதல் புது வசனம் "சாப்பிட்டியா?" என்பது. கூரைமேல் இருந்தபடியே போகிற வருகிறவர்களையெல்லாம் அவள் அப்படிக் கேட்டாள்.

மான்சிக் அடுத்த படம் எடுத்தார், அதிலிருந்து ஒரு சிப்பாயை வெட்டினார்கள், யாரைச் சுட்டேன் என்றே எனக்குத் தெரியாது என்று சொன்னதற்காக. அவன் சாயங்காலத்துக்குள் வந்து சேர்ந்து, மேட்டின் அடியில் இருந்த பேருந்து நிறுத்தத்தில் ஊருக்குப் போகும் வண்டிக்காகக் காத்திருக்கத் தொடங்கினான். மேட்டுக்காரர்கள் வேலைக்குப் போகும்போது தங்கள் குடையையும் கூடையையும் அவனிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார்கள், அவன்தான் அங்கேயே இருப்பானே. அதற்கடுத்த படத்திலிருந்து கல்யாணம் ஆகாமல் முத்தமிட்டுக்கொண்ட ஒரு ஜோடி வந்தது, அதற்கடுத்ததிலிருந்து கடவுளைத் திட்டிய பாதிரியார் ஒருவர் வந்தார். இப்படி வந்துகொண்டே இருந்ததால், தணிக்கைக்காரர்கள் மான்சிக்கின் படத்தைப் பார்க்கும் நாளில் மேட்டுப் பெண்கள் ஆளுக்கொரு கை அரிசியும் முள்ளங்கியும் போட்டுப் பெரிய அண்டாவில் சூப் கொதிக்கவைத்துப் படிக்கட்டின் உச்சியில் உட்கார்ந்திருப்பது வழக்கமாகிவிட்டது. "இந்தத் தடவ எத்தன பேர வெட்டுவாங்க?" என்று மால்சூன், இந்த வருடம் மழை எப்படி என்று கேட்கிற தொனியில் கேட்பாள்.

ஆனால் மான்சிக்கின் படங்கள் பல் விழுந்த வாய் மாதிரி ஆகிக்கொண்டிருந்தன. கதை பாதியில் நொண்டியது, கொட்டகையில் உட்கார்ந்தவர்களுக்கு அந்தப் பெண் ஏன் அழுகிறாள், அவன் ஏன் ஓடுகிறான் என்று புரியவில்லை, எழுந்து போனார்கள். சுங்முரோவில் இருந்த படக் கம்பெனிகளில் அவரைக் கண்டால் வேறு பக்கம் பார்த்தார்கள். கடைசியாக நோ என்கிற தயாரிப்பாளர், "ஒரே ஒரு படம், வெட்டுறதுக்கு ஒண்ணுமே இல்லாத மாதிரி எடுத்துக் குடு, அப்புறம் ஒனக்கு என்ன வேணுமோ எடு," என்றார். மான்சிக் கிராம முன்னேற்றத்தைப் பற்றி ஒரு படம் எடுத்தார். எல்லோரும் சிரித்தார்கள், எல்லா வயலும் விளைந்தது. ஓர் அடி சுருள்கூட வெட்டப்படவில்லை.

அன்றைக்கும் பெண்கள் சூப் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். வெயில் தாழ்ந்தது, சூப் ஆறியது, யாரும் வரவில்லை. மால்சூன் அண்டாவைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய் ஊற்றிவிட்டு வந்தாள். வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த மான்சிக்கின் காது மடல்கள் சிவந்திருந்ததை சுன்ரே பார்த்தாள், பார்க்காதது போல உள்ளே போனாள்.

பிறகு அவர் அப்படிப்பட்ட படங்களாகவே எடுத்தார். பெரிய ஆள் ஆனார். செய்தித்தாளில் அவர் புகைப்படம் வந்தது, அவரை அழைத்துப் போக வண்டி வந்து மேட்டின் அடியில் நின்றது. நல்ல வீட்டுக்குக் குடிபோகலாம் என்று நோ எவ்வளவோ சொல்லியும் அவர் மேட்டை விட்டுப் போகவில்லை. அவருடைய சாப்பாடு குறைந்துகொண்டே போனது, பேச்சு அதைவிட வேகமாகக் குறைந்தது. அவர் மேட்டில் நடந்து போனால் போக்சில் கூரையிலிருந்து "சாப்பிட்டியா?" என்று கேட்பாள், அவர் தலையைக் குனிந்துகொள்வார்.

சுன்ரே தன் கணவரின் எந்தப் படத்தையும் பார்த்ததில்லை. பார்க்கத் தோன்றியதும் இல்லை. ஒருநாள் மான்சிக்கின் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தவள் தலை நிமிராமலே, "சுகிய எடுங்க," என்றாள்.

அவர் கையில் இருந்த தேநீர்க் கிண்ணம் அசையாமல் நின்றது.

"சுகியப் படமா எடுங்க. அவங்க வெட்டட்டும்."

கப்பலை விட்டு இறங்கியதிலிருந்து அந்தப் பெயரை அவர்கள் இருவரும் மற்றவர் காதில் விழும்படி சொன்னதில்லை. போரின் குளிர்காலத்தில், வடக்கே ஒரு துறைமுகத்தில், ஊரே மூட்டை முடிச்சோடு கப்பலுக்காக நின்றபோது, அவர்களுடைய ஆறு வயது மகள் சுகிக்குக் காய்ச்சலும் தாகமுமாக இருந்தது. குழந்தையை மூட்டைமேல் உட்காரவைத்துவிட்டு சுன்ரே சுரைக்குடுவையை எடுத்துக்கொண்டு தண்ணீர் தேடிப் போனாள். மான்சிக் கப்பலில் இடம் பார்க்க முன்னால் போயிருந்தார். திடீரென்று கூட்டம் அலைபோல எழுந்து, அவளை ஒரு பக்கமும் அவரை இன்னொரு பக்கமும் அடித்துக்கொண்டு போய்க் கப்பலில் ஏற்றியது. குழந்தை அவரிடம் இருக்கும் என்று இவளும், இவளிடம் இருக்கும் என்று அவரும் நம்பிக்கொண்டே, ஒருவரையொருவர் தேடிக்கொண்டே, கரை மறைகிற வரை அந்தக் கப்பலில் இருந்தார்கள். பிறகு மேல்தளத்தில் எதிரெதிரே வந்து நின்றபோது இருவரும் மற்றவர் கைகளைத்தான் முதலில் பார்த்தார்கள்.

"வெட்டுவாங்களா?" என்று சுன்ரே கேட்டாள்.

"நம்ம கப்பல் ஒரு கொழந்தய விட்டுட்டுப் போச்சுன்னு காட்டினா எப்படி விடுவாங்க? கட்டாயம் வெட்டுவாங்க," என்றார் மான்சிக். பல வருடங்களுக்குப் பிறகு அவர் குரலில் உயிர் இருந்தது.

இருவரும் சேர்ந்து சுகியை எழுதினார்கள். பஞ்சு வைத்துத் தைத்த சிவப்புச் சட்டை, அதில் மேல் பொத்தான் மட்டும் கறுப்பு, இடது புருவத்தில் ஒரு தழும்பு, தூக்கம் வந்தால் காதைத் திருகிக்கொள்ளும் பழக்கம், ஒன்றையும் விடவில்லை. சுன்ரே படப்பிடிப்புக்கே போனாள். சுகியாக நடித்த பள்ளிக்கூடத்துச் சிறுமிக்குத் தன் கையால் சட்டை தைத்தாள், தாயாக நடித்த இளம் நடிகைக்குக் குடுவையை எப்படி இடுப்பில் கட்டுவது, கூட்டத்தில் எப்படித் தோளால் இடித்து வழி பண்ணுவது என்றெல்லாம் சொல்லிக்கொடுத்தாள்.

தணிக்கை நாளன்று மேட்டில் ஒரு வீட்டிலும் உலை வைக்கவில்லை, எல்லா அரிசியும் அண்டாவுக்குள் போயிருந்தது. சுன்ரே தலைவாரி, வெளுத்த உடை உடுத்திப் படிக்கட்டின் உச்சியில் நின்றாள். சாயங்காலம் மான்சிக் தனியாக ஏறி வந்தார்.

"ஓர் அடிகூட வெட்டல."

"என்னது?"

"அதிகாரி சிம் அழுதுட்டாரு. எதிரியோட கொடுமைய இத விடக் காட்ட முடியாதாம். பள்ளிக்கூடப் புள்ளைங்களயெல்லாம் கூட்டிட்டுப் போய்க் காட்டணுமாம்."

சுன்ரே திரும்பி வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மறுநாள் மான்சிக் தணிக்கை அலுவலகத்துக்குப் போய், சிம்மின் மேசைக்கு முன்னால் முழங்காலிட்டு உட்கார்ந்து, அந்தக் கடைசிக் காட்சியை வெட்டிவிடுங்கள் என்று கெஞ்சினார்.

"வெட்டாதேன்னு கெஞ்சறவங்களத்தான் நான் பாத்திருக்கேன்," என்றார் சிம். அவர் கெட்ட மனிதர் இல்லை, மான்சிக்கைத் தோளைப் பிடித்துத் தூக்கி நாற்காலியில் உட்காரவைத்தார். "ஒங்களுக்கு ஓய்வு வேணும். இது வெளிநாட்டுக்கெல்லாம் போகப்போற படம். ஒரு கட்டத்தக்கூடத் தொட விட மாட்டேன்."

படம் ஊரெங்கும் ஓடியது. சுன்ரே தினமும் கொட்டகைக்குப் போனாள். ஒவ்வொரு காட்சியிலும் சுகி மூட்டைமேல் உட்கார்ந்திருந்தாள், ஒவ்வொரு காட்சியிலும் கப்பல் போனது, ஒவ்வொரு காட்சியிலும் "அம்மா எங்க?" என்று கேட்டாள், பக்கத்து நாற்காலிக்காரர்கள் மூக்கைச் சிந்தினார்கள், விளக்குப் போட்டார்கள், அடுத்த காட்சிக்கு ஆட்கள் வந்தார்கள், சுகி மறுபடியும் மூட்டைமேல் உட்கார்ந்தாள். ஒரு முறை தொலைத்த குழந்தையைத் தினம் நான்கு தடவை தொலைக்க முடியும் என்று சுன்ரேவுக்கு அப்போதுதான் தெரிந்தது. அவள் சோறு தின்பதை விட்டாள். மால்சூன் கரண்டியால் ஊட்டிப் பார்த்தாள், வாயோரத்தில் வழிந்தது.

படத்துக்கு அரசாங்கத்தின் பெரிய விருது கிடைத்தது. விழாவுக்குக் கிளம்பும் முன், மான்சிக் கோட்டை மாட்டிக்கொண்டு சுன்ரேயின் முன்னால் வந்து நின்றார்.

"மேடையில பேசச் சொல்லுவாங்க. நான் பேசினா படத்த மொத்தமா அழிச்சிடுவாங்க. என்னயும் சும்மா விட மாட்டாங்க. வேண்டாம்னா இப்பவே சொல்லிடு."

சுன்ரே வேண்டாம் என்று சொல்லவில்லை. எழுந்து, அவருடைய கோட்டுப் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டாள். அந்த விரல்களுக்காகப் பின்னாளில் அவள் தன்னையே மன்னிக்கவில்லை, ஆனாலும் போட்டுவிட்டாள்.

விருதைக் கையில் வாங்கிக்கொண்டு மான்சிக் ஒலிபெருக்கியில் சொன்னார்: "அந்தத் துறைமுகத்துல கொழந்தய விட்டுட்டு வந்தது எதிரி இல்ல. நாமதான். கப்பல்ல பீரங்கிக்கு எடம் இருந்துச்சு. கொழந்தைக்காக நிக்கத்தான் நேரம் இல்ல." மண்டபத்தில் ஒருவரும் கை தட்டவில்லை. பக்கவாட்டுக் கதவு வழியாக அவரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். படத்தின் எல்லாப் பிரதிகளையும் நாடு முழுவதிலிருந்தும் வரவழைத்து, மூலச்சுருளோடு சேர்த்து, ஒரு ராணுவ மைதானத்தில் போட்டு எரித்தார்கள்.

அது கொளுத்தும் ஆகஸ்ட் மாதம். புகை அடங்குவதற்குள் அவர்கள் வரத் தொடங்கினார்கள். முதலில் பேருந்து நிறுத்தத்துச் சிப்பாய்தான் பார்த்து, ஓடி வந்து சொன்னான். ஒரு காட்சியில் வந்தவர்கள் மட்டும் இல்லை, படம் முழுவதும் வந்தது. தோளில் பனி உறைந்த கிழவர்கள், முதுகில் குழந்தை கட்டிய பெண்கள், சுமைகூலிகள், பெட்டியைத் தூக்கிய வாத்தியார், ஒரு வண்டி மாடு, அந்த வெயிலில் உதடு நீலம் பாரித்து நடுங்கிக்கொண்டே படிக்கட்டு நிறைய ஏறி வந்தார்கள். "எங்க வீட்டுக்கு நாலு பேர்!" என்று ஒருத்தி கத்தினாள், "அந்தக் கெழவர இங்க அனுப்பு!" என்று இன்னொருத்தி கத்தினாள், பாதிரியார் மாட்டைப் பிடித்துக்கொண்டார், போக்சில் கூரைகளுக்கு நடுவே தார்ப்பாய் கட்டிப் புதிய கூரைகள் போட்டுக்கொண்டே இருந்தாள்.

சுன்ரே கூட்டத்துக்கு எதிராக, தோளால் இடித்து இடித்து வழி பண்ணிக்கொண்டு, கீழே இறங்கினாள். சிவப்புச் சட்டை தெரிந்தது. கறுப்புப் பொத்தான் தெரிந்தது.

"சுகி!"

குழந்தை திரும்பியது, அது அவள் பெயர்தானே. புருவத்துத் தழும்போடு சுன்ரேயின் முகத்தை அண்ணாந்து பார்த்தது. பிறகு அவளைத் தாண்டிப் பார்த்து, "அம்மா!" என்று கத்தியது.

பின்னாலிருந்து ஓர் இளம்பெண் கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு ஓடி வந்தாள். இடுப்பில் கட்டியிருந்த சுரைக்குடுவையை அவிழ்த்து, ஒரு சொட்டும் சிந்தாமல், குழந்தையின் வாயில் வைத்தாள். சுகி இரண்டு கையாலும் குடுவையைப் பிடித்துக்கொண்டு, மூச்சு விடாமல், தொண்டை ஏறி இறங்க, எல்லாத் தண்ணீரையும் குடித்தாள். சுன்ரே ஒரு படி கீழே நின்று அதைப் பார்த்தாள்.

"ஒம் பேர் என்னம்மா?" என்று மால்சூன் அந்தப் பெண்ணைக் கேட்டாள். அவளுக்குப் படத்தில் பெயர் வைக்கவில்லை. "சுகியம்மா," என்றாள் அவள். மேட்டில் எல்லோரும் அப்படியே கூப்பிட்டார்கள். சுன்ரேயை அந்தப் பெயரில் கூப்பிட்டவர்கள் எல்லோரும் வடக்கிலேயே தங்கிவிட்டிருந்தார்கள். யாரோ தெருவில் "சுகியம்மா!" என்று குரல் கொடுக்கும்போதெல்லாம் அவள் கழுத்து தானாகத் திரும்பியது, இளம்பெண் "என்னக்கா?" என்று பதில் சொன்ன பிறகு மெல்ல நேரானது.

மான்சிக்கை வெளியே விட்டபோது அவருக்கு ஒரு காது கேட்காமல் போயிருந்தது. இனி அவர் படம் எடுக்கக் கூடாது என்று உத்தரவு. சுவரைப் பிடித்துப் பிடித்துப் படியேறி வந்தவர், வீட்டு வாசலில் கூழாங்கல் அடுக்கி விளையாடிக்கொண்டிருந்த சிவப்புச் சட்டையைப் பார்த்து அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

"அம்மாவும் வந்துட்டா," என்றாள் சுன்ரே, அவருடைய நல்ல காதுப் பக்கம் குனிந்து.

அவருக்கு அது புரிய நெடுநேரம் ஆயிற்று.

"அம்மா இல்லாம எழுதியிருக்கலாம்," என்றார்.

"அம்மா இல்லாம ஒரு கொழந்தய எப்படி எழுதுவீங்க?"

இளம்பெண் கீழே மீன் சந்தையில் வேலைக்குச் சேர்ந்தாள். காலையில் சுகியை சுன்ரேயிடம் விட்டுவிட்டுப் போவாள், வெளிச்சம் இருக்கும்போதே வந்து கூட்டிக்கொண்டு போவாள். பகல் முழுவதும் சுன்ரே தலைவாரி விட்டாள், சோறு பிசைந்து ஊட்டினாள், காதைத் திருகிக்கொண்டு தூங்குகிறவளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். குழந்தை அவளைப் பாட்டி என்று கூப்பிட்டது. நரைத்த தலையை வேறெப்படிக் கூப்பிடும்? சாயங்காலம் ஆக ஆக, இளம்பெண் வரக் கூடாது, இன்றைக்கு அவள் வரவே கூடாது என்று சுன்ரே அடுப்பைப் பார்த்துக்கொண்டு வேண்டிக்கொள்வாள். அவள் வந்துவிடுவாள்.

ஒருநாள் அவள் வரவில்லை. சூரியன் மேட்டுக்குப் பின்னால் போயிற்று, சந்தைக்குப் போன மற்றப் பெண்கள் ஒவ்வொருவராக ஏறி வந்தார்கள், யாரும் அவளைப் பார்க்கவில்லை என்றார்கள். கீழே பெரிய சாலையில் ராணுவ அணிவகுப்பு, எல்லா வழியையும் அடைத்துவிட்டார்கள் என்றார்கள். சுகி படிக்கட்டின் உச்சியில் நின்று கீழேயே பார்த்தாள்.

"அம்மா எங்க?"

அவளுக்கு எழுதப்பட்ட வசனம் அது, எழுதப்பட்டபடியேதான் கேட்டாள். சுன்ரேயின் வாய் திறந்தது. நான்தான் என்ற வார்த்தை நாக்கு நுனியில் நின்றது. ஒரு தடவை சொன்னால் போதும், இந்த மேட்டுக்கு வந்தவர்கள் புது வசனங்களைக் கற்றுக்கொள்கிறவர்கள்தானே, நாளடைவில் குழந்தையும் பழகிவிடும். சுகி இரண்டாம் முறை கேட்டாள். மூன்றாம் முறை கேட்கும்போது குரல் உடைந்து, அழுகை பெரிதாக வந்தது. கொட்டகையில் அந்த அழுகையை சுன்ரே கேட்டதில்லை. அதற்கு முன்பே கப்பல் போய்விடும், விளக்குப் போட்டுவிடுவார்கள்.

சுன்ரே குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய் மான்சிக்கின் மடியில் வைத்தாள். அவருடைய கைகளை இழுத்துக் குழந்தையைச் சுற்றிப் பூட்டினாள்.

"எழுந்திரிக்காதீங்க. யாரு வந்து என்ன சொன்னாலும் இந்த எடத்த விட்டு நகராதீங்க. கேக்குதா?"

"கேக்குது," என்றார் அவர். கோத்த விரல்களை இன்னும் இறுக்கினார்.

சுன்ரே ஓடினாள். செருப்பு ஒன்று எங்கோ கழன்று விழுந்தது. கீழே சாலையோரம் கூட்டம் சுவர்போல நின்றது, அதன் நடுவே சிப்பாய்களின் வரிசையும் இழுத்துச் செல்லப்படும் பீரங்கிகளும் போய்க்கொண்டிருந்தன. கூட்டத்தின் உள்ளே, மீன் கூடையைத் தலையில் வைத்தபடி அந்த இளம்பெண் கல்லாக நின்றிருந்தாள். அந்தத் துறைமுகத்தில் போலவே கூட்டத்தையும் சிப்பாய்களையும் ஒன்றாகப் பார்த்ததும், மேலே எப்படிப் போவது என்பது அவளுக்குத் தெரியாமல் போயிருந்தது.

"சுகியம்மா!" என்று சுன்ரே கத்தினாள். அந்தப் பெயரை அவள் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. "கொழந்த அழுவுது. வாடி!"

கூடை விழுந்து மீன் சிதறியது. சுன்ரே அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு, தோளால் இடித்து, முழங்கையால் குத்தி, திட்டு வாங்கி, கூட்டத்தை விட்டு வெளியே வந்தாள். படிக்கட்டில் பாதி தூரம் சேர்ந்து ஏறினார்கள். அதற்கு மேல் சுன்ரேவுக்கு நெஞ்சு அடைத்தது.

"நீ போ. நிக்காத. ஓடு."

இளம்பெண் ஓடினாள். சுன்ரே படியில் உட்கார்ந்து, மேலே தன் வீட்டுப் பக்கம் காதைக் கொடுத்தாள். குழந்தை இன்னும் அழுதுகொண்டிருந்தது. பிறகு நின்றது. நின்றது உண்மைதானா என்று இன்னும் கொஞ்ச நேரம் உற்றுக் கேட்டுவிட்டு, சுன்ரே பாவாடை ஓரத்தை வாயில் அடைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.